மயிலாத்தாளின் பாயும் பாத்திரம் கழுவும் மெஷினும்

ஆறு வருஷமாகச் சிவமலைச் சாமியிடம் சீடராக இருந்த மயிலாத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கிளம்பிப் போன பிறகு தன் முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங் சாமி, இங்க பாடம் யாருக்குங்க நடக்குது?"

"வர்றவங்க எல்லாருக்கும்தான், அம்மா."

"நானும் வர்றேனுங்களே."

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"போன வாரம் என்ன பாடம்னு எனக்குத் தெரியாதுங்க. அதுக்கு முந்தின வாரமும் தெரியாதுங்க."

சாமி கொல்லைப்புறத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கோபி டவுனுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஓட்டு வீடு அது. ஊர் அதை மடம் என்று சொல்லும். சாமி வீடு என்று மட்டுமே சொல்வார். ஞாயிறுதோறும் சீடர்களுக்கு முதலில் சாப்பாடு, பிறகு பாடம். வயிறு கத்தினால் காது கேட்காது என்பது சாமியின் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் சாப்பிட்ட தட்டு தானாகக் கழுவிக்கொள்ளாதே.

எங்கள் பக்கத்தில் தட்டை வட்டல் என்போம், பாத்திரத்தைப் போசி என்போம். புருஷன் போன துக்கத்தோடு பாடம் கேட்க வந்த மயிலாத்தாள், வந்த முதல் நாளே சும்மா உட்கார மனசு கேட்காமல் போசிகளை அள்ளிக்கொண்டு போய்க் கழுவினார். அதோடு அது அவர் வேலையாகிவிட்டது. செய் என்று யாரும் சொல்லவில்லை. எதற்குச் செய்கிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் ஒரு பெண்பிள்ளை ஒரு தடவை ஒரு வேலையை எடுத்துச் செய்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைசிக் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு அவர் உள்ளே வரும்போது எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு, பாடம் சொல்லும் பொறுப்பைச் சாமி சென்னியப்பனிடம் கொடுத்தார். சென்னியப்பன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சீடர்களில் மூத்தவர். பேசிப் பேசி அவருக்கு வாய் வலித்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க, சாமி கொல்லைப்புறம் போய் மயிலாத்தாளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து தேங்காய் நாரைக் கையில் எடுத்தார்.

"ஐயோ, எந்திரிங்க சாமி!"

"நீங்க கழுவுங்க அம்மா. உள்ள பேசறது காதுல விழுகுதான்னு பாக்கறேன்."

குழாய் கொட்டியது. போசியோடு போசி இடித்தது. உள்ளேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பள்ளிக்கூடத்தையே அதட்டிய சென்னியப்பன் குரலே எட்டாத இடத்தில் வேறு யார் குரல் எட்டும்?

கழுவி முடித்துச் சாமி ஈரக் கையோடு உள்ளே போனார்.

"அடுத்த வாரத்துலிருந்து போசி கழுவறதுக்கு முறை வெச்சுக்கலாம். முதல்ல யாரு?"

சென்னியப்பனுக்கு மூட்டு வலி. இன்னொருவருக்கு இடுப்பு. வேறொருவருக்கு, விஷயம் தெரிந்தால் சம்சாரம் வீட்டிலும் கழுவச் சொல்லிவிடுவாள் என்ற பயம். உள்ளூர எல்லாருக்கும் அந்தப் பயம்தான்.

"சரி. மெஷின் வாங்கலாம்" என்றார் சாமி.

"மெஷினுங்களா?" சென்னியப்பன் எழுந்தே விட்டார். "போசி கழுவுனா மனசும் சுத்தமாகும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னப்ப மயிலாத்தா அம்மா எங்க இருந்தாங்க?"

"கொல்லையிலங்க."

"கேட்டவங்க கழுவல. கழுவுனவங்க கேக்கல. அப்ப நான் யாருக்குங்க சொன்னேன்?"

"இருந்தாலும் சாமி, ஆத்தா கை அன்னபூரணி கையுங்க. அந்தப் புண்ணியத்தப் போயி ஒரு மெஷினுக்குக் குடுக்கலாமுங்களா?"

வாசற்படியில் நின்றிருந்த மயிலாத்தாள் முந்தானையில் கை துடைத்தபடி சொன்னார்: "அதுல பாதிய வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க சார். தேங்கா நாரு கொல்லையிலதான் கெடக்குது."

சென்னியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

சீடர்களில் குழந்தைவேலு டவுனில் வீட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். சாமியும் சென்னியப்பனும் அங்கே போனார்கள். உள்பக்கம் எவர்சில்வர், வெந்நீரிலேயே கழுவும், நம் போர் தண்ணீருக்கு இதற்கென்று இருக்கிற உப்பைப் போட்டால் வெள்ளை படியாது என்று குழந்தைவேலு அடுக்கிக்கொண்டே போனார்.

"உப்புத் தண்ணிக்கு உப்பையே போடறதா?" என்று சென்னியப்பன் சிரித்தார்.

சாமி ஒன்றுதான் கேட்டார். "சத்தம் வருமா?"

"ரெண்டு இருக்குதுங்க சாமி. இது கொஞ்சம் உறுமும், ஆனா பெரிய போசியெல்லாம் நிக்கும். அது சின்னது, ஓடறதே தெரியாது."

"சின்னதக் குடுங்க."

"குழம்புப் போசி அதுல நுழையாதுங்களே."

"அத நான் கழுவிக்கறேன்."

மெஷின் வந்த ஞாயிறு, ஆளாளுக்குத் தங்கள் வட்டலை உதறி அதில் செருகினார்கள். மயிலாத்தாள் வீட்டிலிருந்து பாய் கொண்டு வந்திருந்தார். பின்வரிசையில் ஓரமாக உட்காருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேராக முன்னால் வந்து, "கொஞ்சம் நகருங்க சார்" என்று சென்னியப்பனிடம் சொல்லி, சாமிக்கு எதிரே பாயை விரித்தார். அன்றிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். ஆறு வருஷத்துப் பாக்கி இருந்ததே!

பிறகு ஒரு ஞாயிறு சாமி மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மயிலாத்தாள் அசையாமல் கேட்டார். இதைக் கேட்கத்தான் அவர் இந்த வாசலுக்கே வந்தது. நேரமாகிவிட்டதால் சாமி பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்றார்.

அந்த வாரத்துக்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. மெஷின் வேண்டாம் என்று குதித்த சென்னியப்பன்தான் இப்போது அதற்குப் பெரிய பக்தர். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் அவர் கையாலேயே நடந்தது. பொரியும் பொட்டுக்கடலையும் படைத்தார். வெளியே வைத்தால் எறும்பு மொய்க்கும் என்று மெஷினுக்கு உள்ளேயே, வட்டல் செருகும் தட்டுக்கு அடியில் குவித்து வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. அடியில் பார்க்காமலே வட்டல்களை அடுக்கிக் குழந்தைவேலு பொத்தானை அமுக்கினார். மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது, முனகியது, நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. அதில் பொரி ஊறிக் கூழாக மிதந்தது. குழந்தைவேலு கையை விட்டு வடிகட்டியைக் கழற்றினார். அடியில், தண்ணீரை வெளியே தள்ளும் பம்பில் பொட்டுக்கடலை சிக்கியிருந்தது. குச்சியால் நெம்பிப் பார்த்தார், வரவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஈரோட்டுல இருக்கானாம். புதன்கிழமைதான் வருவானாம்."

"உள்ள பொரி போட்டது யாரு?" என்றார் சாமி.

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார்.

எச்சில் வட்டல்களை வெளியே எடுத்து அடுக்கினார்கள். ஒவ்வொருவராகக் கூடத்துக்குள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, மயிலாத்தாளைப் பார்த்தார்கள். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா, இன்னிக்கு மட்டும்..." என்று சென்னியப்பன் இழுத்தார்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னா மெஷினப் பாருங்க சார். என்னை எதுக்குங்க பாக்கறீங்க?"

"ஒரு நாளைக்குத்தானுங்களே."

"மொத நாளும் ஒரு நாளைக்குன்னு நெனச்சுத்தானுங்க நான் கழுவுனேன்."

மயிலாத்தாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இவர்கள் சொல்வதைத் தள்ளிவிடலாம். சாமியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

சென்னியப்பனுக்கும் அதே யோசனை வந்தது. "சாமி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

சாமி மயிலாத்தாள் பக்கம் திரும்பினார். "நான் சொன்னா எந்திரிப்பீங்களா அம்மா?"

மயிலாத்தாள் பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாட்டேனுங் சாமி. பாதியில நிறுத்துனீங்க. மீதியக் கேக்காம நான் அசைய மாட்டேன். நாளையிலிருந்து வராதேன்னு சொல்லுங்க, வரல. இன்னிக்கு எந்திரிக்க மாட்டேன்."

சாமியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா சாமி, குரு சொல்லையே மீறறாங்க!" என்றார் சென்னியப்பன்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே, வாத்தியாரே. இப்பத்தான் சொல்லப்போறேன். வட்டல எடுங்க."

"நானுங்களா?"

"எல்லாரும்தான். குழம்புப் போசிய மட்டும் விட்டுருங்க, அது என்னோடது."

குழந்தைவேலு முதலில் எழுந்தார். பிறகு இடுப்பு வலிக்காரர் எழுந்தார். கடைசியாகச் சென்னியப்பன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி கொல்லைப்புறம் போனார். கூடம் காலியானது. சாமியும் அந்த ஒரு பாயும் மிச்சம்.

"போன வாரம் எங்கம்மா நிறுத்துனேன்?"

"மூச்சு நின்னதுக்கப்புறம் பேரு எங்க போகுதுன்னு கேட்டு நிறுத்துனீங்க."

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?"

மயிலாத்தாள் திகைத்துப்போனார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார்.

"சொல்லக்கூடாதுங்களே."

"குரு சொல்ல மீறக்கூடாதுதான். எந்திரிக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

"மாரப்பனுங்க."

"இன்னொரு தடவ."

"மாரப்பன்" என்றார் மயிலாத்தாள், இந்தத் தடவை நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

கொல்லையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வட்டல்கள் இடித்துக்கொண்டன. அதையெல்லாம் மீறிக்கொண்டு சென்னியப்பனின் குரல் வந்தது.

"சாமி! இந்தத் தண்ணிச் சத்தத்துல நீங்க பேசறது ஒண்ணுமே இங்க கேக்கலீங்க!"

சாமி திரும்பாமலே சொன்னார்.

"கேக்காதுங்க வாத்தியாரே. நான் அங்க உக்காந்து பாத்திருக்கேன். நல்லாத் தேய்ங்க."