சிவத்தி நுழைந்த சந்து

காட்டுக்குள் ஒரு முயல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. பின்னால் நரி.

"நின்னுடு. எப்படியும் மாட்டத்தான் போறே," என்றது நரி.

"உன் வாய்க்கு நானா கிடைச்சேன்? முடிஞ்சா பிடி," என்றது முயல்.

வாய்தான் முயலுடையது. முயலை ஓட வைத்தவர்கள் வேறு ஆட்கள். அதன் ரத்தத்தில் மிதக்கிற பொடிப்பொடிச் சிவப்பணுக்கள். ஆளுக்கொரு மூட்டை மூச்சுக்காற்றைச் சுமந்துபோய்க் காலில் இறக்க வேண்டும். காலுக்குள் போகிற கடைசி ரத்தக்குழாய் ஒரு சந்து, அவர்களைவிட ஒடுக்கம். அங்கே யாரும் யாரையும் முந்த முடியாது. ஒருவர் பின் ஒருவராக, உடம்பை மடித்து நுழைந்து, மூட்டையை இறக்கி, வெளியே வந்ததும் பழைய வட்ட வடிவத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

அன்று முதலில் வந்தவன் வட்டப்பன். பெரிய குழாய்களிலேயே சுற்றி மிதப்பு ஏறிப்போனவன்.

"நான் பிறந்ததே வட்டமா. எவனுக்கும் வளைய மாட்டேன்," என்று சந்து வாசலை அடைத்துக்கொண்டான்.

முயலின் பின்னங்கால் மரத்தது. நரியின் மூச்சு வாலில் சுட்டது.

"அண்ணே, வழி விடுங்க. கால் செத்துக்கிட்டிருக்கு," என்றாள் பின்னால் நின்ற சிவத்தி.

"வளையறவளுக்கு மானம் எங்கே இருக்கு?"

வந்ததே கோபம் சிவத்திக்கு. "சுமந்த மூட்டையைச் சேர்க்காம நிக்கிறதா மானம்? நான் யாருக்கும் பணிஞ்சு வளையலே. இந்த இடுக்கு என்னை நிறுத்தப் பார்க்குது. அதுக்கு அடங்க மாட்டேன்னுதான் வளையறேன்!"

பக்கத்தில் இன்னொரு சந்து, முன்னதைவிட ஒடுக்கம். சிவத்தி அதில் தலையைக் கொடுத்தாள். மடிந்தாள், நீண்டாள், பிதுங்கினாள். தோல் எரிந்தது. விடவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நுழைந்தார்கள்.

மூட்டைகள் இறங்கின. காலுக்கு உயிர் வந்தது. முயல் ஒரே எம்பில் முட்புதரை எட்டி, உடம்பைச் சப்பையாக்கிக்கொண்டு அடியில் புகுந்துவிட்டது. நரி நிமிர்ந்த தலையோடு பாய்ந்து மூக்கைக் கிழித்துக்கொண்டது.

சந்தின் மறுபக்கம் போனதும் சிவத்தி பழையபடி வட்டமானாள். வட்டப்பன் இன்னும் வாசலில்தான், இறக்காத மூட்டையோடு.

"அண்ணே, நானும் வட்டம்தான். என் மூட்டை போய்ச் சேர்ந்தாச்சு," என்று குரல் கொடுத்துவிட்டு, அடுத்த மூட்டைக்குக் கிளம்பினாள்.

போய்ச் சேர வேண்டுமென்று வளைகிறவர் தோற்றவர் அல்ல. வளைய மாட்டேன் என்று அடுத்தவர் வழியை அடைப்பது மானமும் அல்ல.