பிரகாசியம்மாவின் டைட்டானிய நங்கூரம்

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். நண்டுத்துறையில் பிரகாசியம்மா என்று ஒரு அக்கா. செத்துப்போன புருஷன் அவளுக்கு விட்டுப்போனது ஒரே ஒரு வள்ளம். சோறு, துணி எல்லாம் அதை நம்பித்தான். அதில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் மூன்று பேர்: தொம்மை, கஸ்பார், சூசை. தங்கமான பையன்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமே அதுதான்.

ஒருநாள் வள்ளத்தின் இரும்பு நங்கூரம் துருவேறி இற்று விழுந்தது. பிரகாசியம்மா காதில் கிடந்த கம்மலை விற்று, மூன்று பேரையும் டவுனுக்கு அனுப்பினாள்.

"துருப்பிடிக்காததா, தூக்கக் கை வலிக்காததா பாத்து வாங்கிட்டு வாங்கலே."

கடைக்காரர் நல்ல மனுஷர். இரும்பைக் காட்டினார், எவர்சில்வரைக் காட்டினார். மூலையில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று கிடந்தது.

"அது டைட்டானியம். விமானத்துக்குப் போடுறது. யாரோ பணக்காரர் சொகுசுப் படகுக்குச் சொல்லிட்டு வாங்காம போயிட்டார். துருவே பிடிக்காது, சுண்டு விரலால தூக்கலாம். ஆனா உங்களுக்கு வேண்டாம் தம்பி. விலை ஜாஸ்தி. நங்கூரத்துக்குக் கனம்தான் முக்கியம்."

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"விமானத்துக்கு எதுக்குலே நங்கூரம்?" என்றான் கஸ்பார்.

"மேகத்துல நிறுத்த வேண்டாமா?" என்றான் சூசை.

தொம்மைதான் தலைவன். அவன் தீர்ப்புச் சொன்னான். "அக்கா கனத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. அதைப் போய் எவனாவது காசு குடுத்து வாங்குவானா? நாம மூணு பேரும் கனமாத்தானே இருக்கோம்!"

கடைக்காரர் காசை எண்ணி வாங்கிக்கொண்டு டைட்டானிய நங்கூரத்தை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் பிரகாசியம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். விலையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மாதாவே! என் கம்மல் முழுசும் இதுலயா? ஏலே, இந்த நங்கூரத்தை மட்டும் தொலைச்சீங்க, என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது!"

"சரிக்கா" என்றார்கள் மூவரும், ரொம்பப் பணிவாக.

மறுநாள் கரைக்குப் பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில் நங்கூரம் போட்டார்கள். நீரோட்டம் வள்ளத்தைத் தள்ளியது. நங்கூரமும் மணலைக் கீறிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

"என்ன பாசம் பாருலே, நம்மள விட்டுப் பிரிய மாட்டேங்குது" என்று சூசை உருகினான். "பழசு போட்ட இடத்துலயே முறைச்சிக்கிட்டுக் கிடக்கும்."

"பாசம் இருக்கட்டும், பாறைப்பக்கம் போறோம்லா!" என்று தொம்மை அலறினான்.

சூசை குதித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நங்கூரத்தின் மேல் உட்கார்ந்தான். வள்ளம் நின்ற மாதிரி இருந்தது. மூச்சுவிட எழுந்தான், மறுபடி நகர்ந்தது. கஸ்பார் குதித்தான். பிறகு தொம்மையும் குதித்தான். மாற்றி மாற்றி உட்கார்ந்ததில் மூவருக்கும் வயிறு நிறைய உப்புத்தண்ணீர்.

தண்ணீரில் தலை மட்டும் தெரிய, மறுபடி ஆலோசனை நடந்தது.

"நங்கூரம் தன்னால நகரலைலே. கயிறுதான் புடிச்சு இழுக்குது" என்றான் கஸ்பார்.

கயிற்றை அவிழ்த்தார்கள். அட, அதற்குப் பிறகு நங்கூரம் அசைய வேண்டுமே! போட்டது போட்டபடி கிடந்தது.

"குடுத்த காசு வீண் போகலை" என்றான் தொம்மை.

வள்ளம் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் நங்கூரத்தைத் தோளில் ஏற்றி ஊர்வலமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

"அக்கா, நங்கூரம் பத்திரம்!"

"வள்ளம் எங்கலே?"

"அதைத் தொலைக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

பிரகாசியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாவம், அழமாட்டாளா? அவள் பிழைப்பே மிதந்து போய்விட்டதே.

நல்லவேளை, பொழுது சாய்வதற்குள் அடுத்த துறைக்காரர்கள் வள்ளத்தை வழியில் பிடித்து, இழுத்துவந்து கரையில் விட்டுப் போனார்கள். மூவரும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால் வள்ளம் நிற்கிறது! பிரகாசியம்மா அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

காலையில் தன் ஆட்டுக்கல்லையே தூக்கிக் கொடுத்தாள். "இதை நங்கூரத்தோட சேத்து இறுக்கிக் கட்டுங்கலே. இனிமே அசையக் கூடாது."

சமையலை முடித்துவிட்டுக் கரைக்கு வந்தாள். மணலில் ஆட்டுக்கல்லோடு நங்கூரம் இறுகக் கட்டிக் கிடந்தது. இரண்டும் அசையாமல் இருக்க, மேலே மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் வள்ளம் மெல்ல ஆடியபடி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா, வள்ளத்தை எதுலலே கட்டினீங்க?"

"அதை எதுக்குக்கா கட்டணும்?" என்றான் தொம்மை. "அதுக்குத்தான் வீடு தெரியுமே. நேத்து தனியாத்தானே வந்துச்சு!"