பூஜையில் வைத்த புத்தகம்

ஜெயசீலி டீச்சருக்குச் சீடராக இருப்பது பெரிய தொல்லை. எதையும் கற்றுக்கொடுக்க மாட்டார். கேட்டாலும் பதில் சுலபத்தில் வராது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாவு மில்லின் மாடியில், குழந்தைகளுக்காக ஒரு வாசிப்புக் கூடம் நடத்திவந்தார் அவர். புதிதாக வரும் ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசித்த பிறகுதான் அலமாரியில் வைப்பார். கீழே மில் ஓடும் சத்தத்தையும் மீறி வாசித்து வாசித்து அவர் தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும்.

சீடர் அறவாழி டீச்சரைவிட வயதில் மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தகங்களை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் டீச்சரிடம் வந்து சேர்ந்தவர். ஆசை நல்ல ஆசைதான். அவசரம்தான் கொஞ்சம் கூடுதல்.

சனிக்கிழமைதோறும் ஊரிலுள்ள குடும்பங்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்புவார். இந்த வாரம் என்ன புதுப் புத்தகம் வந்திருக்கிறது, எந்த வயதுக்கு ஏற்றது, படங்கள் எப்படி, அப்பா அம்மா கூட உட்கார்ந்து வாசிக்கலாமா, எல்லாம் சொல்வார். கடைசியில், "முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களே வாசித்துப் பாருங்கள். அருமையான முடிவு" என்று நிறுத்துவார்.

குரல் நல்ல குரல். ஜனங்கள் நம்பினார்கள்.

ஒரு நாள் டீச்சர் கேட்டார். "நேத்து ஒரு புத்தகத்தப் பத்திச் சொன்னீங்களே, அது எப்படி முடியுது?"

"நல்லா முடியும் டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். தேறிவிட்டோம் என்று அறவாழி நினைத்துக்கொண்டார்.

அவருடைய குரலை நம்பியவர்களில் ஒருத்தி பரிமளா. முதல் தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் கனிஷ்காவுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. மலை ஏறும் ஆமையைப் பற்றி ஒரு புதுப் புத்தகம் அன்றுதான் வந்திருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்து, முடிவு பிரமாதமாக இருக்கும் என்றார் அறவாழி. விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு அறவாழி பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தீபாவளியெல்லாம் முடிந்துதான் திரும்பினார். வந்த முதல் சனிக்கிழமையே பரிமளா வந்து நின்றாள், தனியாக.

"பாப்பாவுக்குப் புடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

அவள் சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "புடிச்சுது சார். வேற என்ன புதுசா வந்திருக்கு?" என்றாள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்தாள். ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கிப் போவாள். யானை தும்முகிற இடத்தில் பாப்பா சிரித்தாள் என்பாள். வெள்ளத்தில் பூனை மாட்டிக்கொள்ளும் பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள் என்பாள். இந்தப் படத்தில் சித்தி முகம் கோபமாக இருக்கிறது, பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பாள்.

அறவாழிக்கு இது புதையலாக இருந்தது. "ஏழு வயது வாசகி ஒருத்தி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்" என்று குரல் பதிவில் சொல்வார். மற்ற வீடுகளில் அதைக் கேட்டு வாங்கி வாசித்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சரியாக அந்த இடத்தில்தான் சிரித்தார்கள். டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொன்னதில்லை.

வாசிப்புக் கூடத்தின் ஆண்டு விழா வந்தது. சிறந்த வாசகிக்குப் பரிசு கொடுத்தால் என்ன என்று அறவாழிக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை. கனிஷ்காவின் பெயரைப் பொறித்த சின்னக் கோப்பை ஒன்றைச் செய்து வாங்கினார். பையில் போட்டுக்கொண்டு, விலாசம் விசாரித்து நேரே பரிமளாவின் வீட்டுக்கே போய்விட்டார்.

கதவைத் திறந்த பரிமளா கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். உள்ளே சுவரில் படம் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. படத்திலும் முன்பல் இரண்டும் இல்லை.

"உக்காருங்க சார்" என்றாள்.

உட்கார்ந்தார். பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"எப்பம்மா?"

"சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விடியறதுக்குள்ள. டெங்கு சார். அதுக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டுச்சு. எழுந்து உக்காந்தா, ரசஞ்சாதம் கேட்டுச் சாப்பிட்டா. பொழச்சுக்கிச்சுன்னுதான் நெனச்சோம். காய்ச்சல் விட்ட பின்னாடிதான் ஆபத்துன்னு எங்களுக்கு யார் சொன்னாங்க?"

அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்ககிட்ட பொய் சொல்லணும்னு வரல சார். நீங்க மட்டுந்தான் பாப்பாவுக்குப் புடிச்சுதான்னு கேட்டீங்க. ஊர்ல வேற யாரும் அவளப் பத்திக் கேக்கறதேயில்ல. கேட்டா நான் அழுவேன்னு பயப்படறாங்க. அவங்க அப்பாகூட."

"அப்ப அந்தப் புத்தகமெல்லாம்..."

"நான் படிச்சுக் காட்டுவேன். விளக்கேத்தினதும் இங்க உக்காந்து படிப்பேன். எந்த எடத்துல சிரிப்பா, எங்க பயப்படுவான்னு எனக்குத் தெரியாதா சார்?"

அறவாழி தலையைத் திருப்பிக்கொண்டார். பூஜை அலமாரி கண்ணில் பட்டது. கீழ்த்தட்டில் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அதற்கு மேல் ஆமைப் புத்தகம், அதற்கு மேல் ஒரு கலர் பென்சில் டப்பா. எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

"அது அன்னிக்கு வெச்சது" என்றாள் பரிமளா. "மத்தியானமெல்லாம் அதையேதான் வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தா. சாயங்காலம் பூஜைக்கு எடுத்துட்டேன். விடல சார். புக்கக் குடு, கலர் பென்சிலக் குடுன்னு ஒரே நச்சரிப்பு. இன்னும் ஒரே ஒரு பக்கந்தாம்மான்னா. பூஜைல வெச்சதத் தொடக் கூடாதுடி, படிப்பு வராது, நாளைக்கு எடுத்துத் தரேன்னேன்."

அவள் தட்டில் உதிர்ந்து கிடந்த குங்குமத்தை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"மத்த எல்லாப் புத்தகத்தையும் படிச்சிட்டேன் சார். அத மட்டும் எடுக்கல. எடுத்தா அந்த நாள் முடிஞ்சிடும்."

பிறகு அவள் கேட்டாள். "அந்த ஆமை கடைசில என்ன சார் ஆச்சு? நீங்கதான் சொன்னீங்களே, முடிவு ரொம்ப நல்லா இருக்கும்னு. அந்த ஒரு பக்கத்துல என்னதான் இருக்கு? படத்துகிட்ட சொல்லிட்டா அவளுக்கும் தெரிஞ்சிடும்ல."

அறவாழி அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அந்தக் கோப்பையை அவள் பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது தோன்றியது.

நேராக மாவு மில் மாடிக்கு வந்தார். டீச்சர் கிழிந்த அட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

எதைப் பற்றி என்று டீச்சர் கேட்கவில்லை. "தெரியும். அடக்கத்துக்குப் போயிருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்த அம்மா சொல்லலையே."

அறவாழி பெஞ்சில் உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். டீச்சர் அதிலிருந்த பெயரைப் படித்தார். பசைத் துணியை அதன்மேல் போட்டு மூடினார்.

"இனிமே நான் யாருக்கும் எந்தப் புத்தகமும் சொல்லப் போறதில்ல டீச்சர்."

டீச்சர் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பூஜையில் வைத்த புத்தகம், கலர் பென்சில் என்று பரிமளா சொன்னதையெல்லாம் அறவாழி சொல்லி முடித்தார்.

"ஆமைக் கதை எப்படி முடியுதுன்னு கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"எனக்குத் தெரியாது." அவர் குரல் உடைந்தது. ஊரே நம்பிய குரல். "பாதி மலை வரைக்குந்தான் படிச்சேன். வாரத்துக்கு எத்தனை புத்தகம் வருது. எல்லாத்தையும் எங்க முடிக்கறது? முடிவச் சொல்ல மாட்டேன்னு சொன்னா ஜனங்களுக்கும் ஒரு ஆர்வமா இருக்கும். அப்படியே பழகிப்போச்சு."

டீச்சர் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீச்சர் எழுந்து போய் உள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். அதே ஆமைப் புத்தகம். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பிரதி.

"வாசிங்க."

அறவாழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனதுக்குள் வாசிக்கத் தொடங்கினார்.

"வாய்விட்டு" என்றார் டீச்சர்.

வாய்விட்டு வாசித்தார். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஆமைக்குத் தெரிய வேண்டும். காக்காவைக் கேட்கிறது. காக்காவுக்குச் சொல்ல நேரமில்லை. ஆட்டைக் கேட்கிறது. ஆடு தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மேய்கிறது. சரி, நானே போய்ப் பார்க்கிறேன் என்று ஆமை ஏறத் தொடங்குகிறது. பாதி மலை வந்தது. அங்கிருந்து எல்லாமே அறவாழிக்குப் புதிது. ஆமை சறுக்கி விழுந்தது. மல்லாந்து கிடந்தது. மழை பெய்தது. திரும்பவும் ஏறியது. உச்சிக்கு வந்து, கழுத்தை நீட்டி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"அங்கே..." என்று வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அடியில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி. "அங்கே என்ன இருந்தது? நீயே வரைந்து வை."

கீழே மில் நின்றுவிட்டிருந்தது. அறவாழி அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கதையை அந்தப் பிள்ளை மத்தியானமே முடித்துவிட்டிருக்கிறாள். சாயங்காலம் அவள் கேட்டது கதையை அல்ல. அதற்குத்தான் கலர் பென்சில். அதுதான் அந்த ஒரே ஒரு பக்கம்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல முடிவே இல்லையே டீச்சர்."

"இருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் அது அந்தப் புள்ளைகிட்ட இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே ரயிலுக்காகக் கேட்டை இறக்கினார்கள். வண்டி போய், கேட் திரும்ப ஏறியது.

"நானே ஒரு முடிவு சொல்லிடட்டுமா?" என்றார் அறவாழி. "அந்தப் பக்கம் ஒரு ஆறு இருந்துச்சு, நெறைய ஆமை இருந்துச்சுன்னு. அந்த அம்மா அந்தப் புத்தகத்த எடுக்கப் போறதேயில்ல. கடைசி வரைக்கும் தெரியாது."

"சொல்லலாம்" என்றார் டீச்சர். "நம்புவாங்க. உங்க குரல் நல்ல குரல்."

அறவாழி குனிந்துகொண்டார்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

டீச்சர் புத்தகத்தை மூடி அவர் கையில் வைத்தார்.

"பூஜைல இருக்கறதத் தொட வேணாம். அது அங்கேயே இருக்கட்டும். நீங்க இத எடுத்துட்டுப் போங்க. மொத வரியிலேருந்து வாசிச்சுக் காட்டுங்க. கடைசிப் பக்கம் வந்ததும், அவங்க பக்கமாத் திருப்பி வெச்சுட்டு, ஒண்ணும் பேசாம உக்காந்திருங்க."

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"அவங்க மூடற வரைக்கும்."