மகாராஜாவின் மர நாக்கு

செண்பகமாறன் நல்ல ராஜாதான். இரக்கம் உண்டு, குடிகள் மேல் பிரியம் உண்டு. ஒரே ஒரு குறை. பிரதானி பல்லவராயர் காதில் எதை ஓதினாலும், அடுத்த நொடி அது ராஜாவின் வாயிலிருந்து ஆணையாக வந்து விழும். இது சபையில் எல்லோருக்கும் தெரியும். விகடம் பேசியே சம்பளம் வாங்கும் வெள்ளையம்பலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. “குடிகளுக்கு நெல் கொடுங்கள்” என்றார் ராஜா. பல்லவராயர் கோட்டை வாசலில் பனை உயரத்துக்கு ஒரு குதிர் கட்டினார். நெல் எடுக்க அடியில் ஒரு துவாரம், அதை அடைக்க ஒரு பலகை, இவ்வளவு போதும் குதிருக்கு. பல்லவராயருக்குப் போதுமா? பலா மரத்தில் ராஜாவின் முகத்தைச் செதுக்கி, துவாரத்தின் மேல் ஆணி அடித்துப் பொருத்தினார். நெல் மகாராஜாவின் திருவாயிலிருந்தே விழுமாம்! உதடு அழகாக இருக்க வேண்டுமே என்று வாயை மட்டும் சின்னதாக வைத்துவிட்டார்.

முதல் நாள் ஊரே சாக்கும் கூடையுமாகக் கூடி நின்றது. நெல் அளக்கும் ஆவுடையாள் மரக்காலோடு தயாராக இருந்தாள். ராஜா வந்து உட்கார்ந்ததும் பலகையை உருவினார்கள். நாலு கைப்பிடி நெல் பொலபொலவென்று விழுந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அந்தச் சின்ன வாய்க்கு மேலே நெல்மணிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து உள்ளுக்குள் கூரை கட்டிக்கொண்டன.

பல்லவராயர் வாய்க்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“மகாராஜா யோசிக்கிறார்” என்று கூட்டத்தைச் சமாளித்தார்.

பசித்த கூட்டம் எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஆவுடையாளுக்குத் தாங்கவில்லை. மரக்காலை ஓங்கி ராஜாவின் தாடையில் ஒரு போடு போட்டாள். முகம் ஆணி கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. பின்னாலிருந்த பெரிய துவாரம் வழியாக நெல் தடதடவென்று கொட்டி, பல்லவராயரை இடுப்பு வரை மூடியது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

நெல்லை உதறிக்கொண்டு எழுந்த பல்லவராயர் நேராக ராஜாவின் காதுக்குப் போனார். ராஜா வாய் திறந்தார்.

“என் முகத்தில் அடித்த கையை வெட்டுங்கள்!”

சிரிப்பு அப்படியே அடங்கியது. ஆவுடையாள் தரையில் விழுந்தாள். “சாமி, பச்சைப் புள்ளைங்க பசியில கத்துது. நெல்லு வரல. அதான் ஒரு தட்டு தட்டினேன். அளந்து பொழைக்கிற கை சாமி இது!”

வெள்ளையம்பலம் முன்னால் வந்தார். விகடம் பேசும் நேரமல்ல. ஆனால் அவருக்கு வேறு என்ன தெரியும்?

“மகாராஜா, தட்டாமலே நெல் வருமென்றால் இவள் தட்டியது குற்றம்தான். வராது என்றால், குதிர் கட்டியவரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டுமே!”

பல்லவராயர் மறுபடி காதில் குனிந்தார். ராஜா சொன்னார்: “நாளை உச்சிக்குள் நீயே வரவழைத்துக் காட்டு. அடிக்கக் கூடாது. அடைக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. கேட்டால் வர வேண்டும், போதுமென்றால் நிற்க வேண்டும். ஜெயித்தால் அவளுக்கு மன்னிப்பு. தோற்றால் அவள் கையோடு உன் உத்தியோகமும் போகும்.”

“உத்தரவு. முகத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இந்த வாயைப் பார்த்தால், கொடுக்க மனமில்லாமல் உதட்டைக் குவித்தது மாதிரி இருக்கிறது. தாங்களோ வாய்விட்டுச் சிரிப்பவர்!”

ராஜா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஆமாம், சிரிக்கட்டும்” என்றார். பல்லவராயர் குனிவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

வாயை அகலமாக்குவது சுலபம். அகலமாக்கினால் கொட்டுமே! அதை எப்படி நிறுத்துவது? குழம்பிப்போய் வீட்டுக்கு வந்த வெள்ளையம்பலம் அடுப்படியைப் பார்த்தார். அவர் மனைவி முறத்தைச் சரித்து ஆட்டி அரிசியைப் பானையில் விட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டினால் அரிசி நகர்ந்தது. நிறுத்தினால் நின்றது. கல்யாணமான நாள் முதல் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மனிதர் தச்சனைத் தேடி ஓட்டமாக ஓடினார்.

மறுநாள் குதிரில் ராஜாவின் முகம் வாய் நிறையச் சிரித்தது. வாய்க்குக் கீழே, சிவப்புச் சாயம் பூசிய நீளமான மரத்தட்டு கயிறுகளில் தொங்கியது. சாட்சாத் நாக்கேதான்.

பலகையை உருவினார்கள். நெல் சரசரவென்று இறங்கி, நாக்கின் மேல் குவிந்து நின்றது.

“நின்றுவிட்டது! நின்றேவிட்டது!” என்று குதித்தார் பல்லவராயர். ஆவுடையாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் இன்னும் கேட்கவே இல்லையே, பிரதானியாரே” என்று சொல்லிவிட்டு வெள்ளையம்பலம் பக்கத்திலிருந்த கயிற்றைப் பிடித்து ஆட்டினார். நாக்கு ஆடியது. நெல் நுனிக்கு நகர்ந்து மரக்காலில் விழுந்தது. கயிற்றை விட்டார், நின்றது. வேகமாக ஆட்டினார், வேகமாக விழுந்தது. ஆவுடையாள் ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு மற்றதையும் திறந்தாள். அவள் அளக்க அளக்க, சாக்குகள் நிறைந்து நகர்ந்தன.

“பலே! அவள் கை பிழைத்தது!” என்றார் ராஜா.

பல்லவராயருக்குப் பொறுக்குமா? “மகாராஜா, அது தங்கள் திருநாக்கு! கண்டவன் பிடித்து ஆட்டுவதா? எவ்வளவு பெரிய அவமானம்!”

ராஜாவின் புருவம் நெரிந்தது. ஆவுடையாள் அளப்பதை நிறுத்தினாள்.

வெள்ளையம்பலம் சட்டென்று கயிற்றை விட்டுவிட்டு, கை கட்டி நின்றார்.

“பிரதானியார் சொல்வது நியாயம். நான் பிடித்தது தப்புத்தான். இந்த நாட்டில் மகாராஜாவின் நாக்கை ஆட்டிப் பழகியவர் ஒருவர்தானே? அவரே வந்து ஆட்டட்டும்.”

கயிற்றைப் பல்லவராயர் பக்கம் நீட்டினார்.

ராஜா பல்லவராயரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, அந்த மர முகம் தோற்றுப்போகும்படி வாய் நிறையச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெள்ளையம்பலத்துக்குப் போட்டார்.

“பிடியும் பிரதானியாரே, கயிற்றை! இனி இந்த நாக்கு ஒன்றுதான் உம் பொறுப்பு.”

பல்லவராயர் வேர்க்க வேர்க்க ஆட்டினார். மரக்கால் நிறைந்தது. ஆவுடையாள் பிழைத்த கையை உயர்த்தினாள்.

“போதும், நிறுத்துங்க சாமி. நான் சொன்னப்புறம் ஆட்டினா போதும்.”