சிந்தியதை யார் துடைப்பது

தாராபுரம் தாண்டிப் பழனிக்குப் போகிற பாதையில் சோற்று மடம் என்று ஒன்று இருந்தது. அதற்கு நீளமான வேறொரு பெயரும் உண்டு. வாசல் வளைவில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். பசியோடு நடந்து வருகிறவர்களுக்கு அதைப் படிக்க நேரம் ஏது? சோற்று மடம் என்றே நிலைத்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். சாப்பிட்டவர் தன் இலையைத் தானே எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருடைய இலையை எடுக்க வேண்டும். அவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கவும் கூடாது. புதிதாக வருகிற பெரிய மனிதர்கள் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். மடத்தை நடத்தும் தவமணி அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். எடுக்காமல் விட்ட இலையைக் கடைசியில் அவரே வந்து எடுத்துப் போவார்.

கோவை சென்னியப்பன் முதல் தடவை வந்தபோது மனைவியை இழந்த புதிது. அவருடைய இலையை யாரோ ஒரு லாரி டிரைவர் எடுத்தார். எடுத்துவிட்டு, "நல்லாச் சாப்பிட்டீங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தையும் கேட்டார். சென்னியப்பன் கை கழுவுகிற இடத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அதற்குப் பிறகு அமாவாசை தோறும் வந்து பந்தியில் பரிமாற ஆரம்பித்தார். தவமணி அம்மா வயதில் அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவர்தான் தன் குரு என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அம்மாவோ இவரை 'அண்ணா' என்பதோடு சரி.

அன்றைக்கு அமாவாசை இல்லை.

"என்னங்ணா, நாள் தப்பி வந்திருக்கீங்க?"

"ஒரு கேள்விங்கம்மா."

"பூசணிக்கா நறுக்குவீங்களா?"

"நறுக்குவேனுங்க."

"அப்ப உக்காருங்க. நறுக்கிட்டே கேளுங்க."

சமையல் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓட்டல்ல, காபிக் கடையில புள்ளைங்க கண்ட மாதிரி சிந்துதுங்க. அதப் பெத்தவங்க துடைக்கணுமா, வேண்டாமாங்கம்மா?"

"இதக் கேக்கறதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க."

அது பாதி உண்மை. அவருடைய ஒரே மகள் சுகந்தி பெங்களூரில் இருந்தாள். மாதக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன் செய்தால் எடுப்பாள். 'நல்லா இருக்கோம்ப்பா. வேலை இருக்கு, வெச்சிடறேன்' என்பாள். பேத்தி மகிழினியின் குரல்கூடக் காதில் விழுவதில்லை. அவருடைய கடையில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். அன்று நான் செய்தது சரிதான் என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்துத்தான் அவர் கிளம்பி வந்தார்.

"துடைக்கணும்கறதுதான் என் கட்சிங்க" என்று ஆரம்பித்தார்.

கோவையில் அவர் நடத்துவது சாதாரண டீக்கடை இல்லை. கண்ணாடிச் சுவரும் குஷன் நாற்காலியுமாக ஒரு பெரிய கஃபே. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழந்தைப் பட்டாளம் இறங்கிவிடும். ஒன்று கெட்ச்சப்பை எடுத்து மேசையில் கோலம் போடும். இன்னொன்று சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்துத் தலைக்கு மேல் தூவும். பெற்ற மகராசிகளும் மகராசன்களும் போனைப் பார்த்தபடியே எழுந்து போவார்கள். மண்டி போட்டுத் துடைப்பது வேலைக்கு நிற்கிற பெண்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க இவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பலகை எழுதி மாட்டினார். 'உங்கள் செல்லங்கள் சிந்தியதை நீங்களே துடைத்துவிட்டுச் செல்லுங்கள்.' கீழே ஒரு கூடையில் நீலத் துணிகளை மடித்து அடுக்கி வைத்தார். கண்டும் காணாமல் போகிறவர்களுக்குத் தானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் நீட்டுவார். சிரித்துக்கொண்டேதான் நீட்டுவார். வாங்காமல் தப்பித்தவர்கள் குறைவு.

"எல்லாம் இங்க கத்துக்கிட்டதுதானுங்கம்மா. எச்சி எடுக்கறது கேவலம் இல்லேன்னு நீங்கதானே காட்டிக் குடுத்தீங்க?"

தவமணி அம்மாவின் கத்தி நின்றது.

"நானா?"

"ஆமாங்க. கடையில எல்லார்த்துகிட்டயும் உங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த பூசணித் துண்டைக் கீழே வைத்தார்.

"இந்த மடத்துல நான் யாரு கையிலயாச்சும் துணியக் குடுத்துப் பாத்திருக்கீங்களாண்ணா?"

சென்னியப்பன் யோசித்தார். ஒரு நாளும் பார்த்ததில்லை.

"கடை வேற, மடம் வேறங்களேம்மா."

"அதுவும் சரிதான். சொல்லுங்க."

"ஒரு நாள் ஒரு கஸ்டமர் வந்தாங்க. கூட ஒரு பொம்பளப் புள்ள, சின்னது. செவ்வாக்கெழம காலைல."

"எந்த ஊர்க்காரங்க?"

"பெங்களூருங்க."

"சுகந்தி இருக்கற ஊரா?"

சென்னியப்பன் பூசணியைத் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கினார். பெற்ற மகளைக் கஸ்டமர் என்று சொன்ன வாய் அதற்கு மேல் பொய் சொல்ல மறுத்தது.

"சுகந்திதானுங்கம்மா."

"ம்."

"சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னா. ஒரு கையில புள்ள, ஒரு கையில பெரிய பெட்டி. என்ன பாப்பா திடீர்னுன்னேன். சும்மாதான்ப்பான்னா. கூட்ட நேரமுங்க. உக்காரு கண்ணு, வர்றேன்னுட்டுக் கல்லாவுக்குப் போயிட்டேன்."

மகிழினிக்கு அது தாத்தா கடை. கேட்க வேண்டுமா? சாக்லேட் கேக்கை இரண்டு கையாலும் பிசைந்தாள். பால் டம்ளரைக் கவிழ்த்தாள். பால் மேசையெல்லாம் ஓடித் தரையில் வழிந்தது. வேலைக்கு நின்ற பெண் துணியோடு ஓடி வந்தாள். அடுத்த மேசையில் ஒரு இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். முந்தின வாரம்தான் சென்னியப்பன் அவள் கையில் நீலத் துணியைக் கொடுத்திருந்தார். அவள் இப்போது காபியைக் கீழே வைத்துவிட்டு இவரையே பார்த்தாள்.

"அந்தப் பார்வைக்கு என்னங்கம்மா அர்த்தம்? உம் மவளுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமான்னுதானே?"

"அவங்க அப்பிடிக் கேட்டாங்களா?"

"கேக்கலீங்க. ஆனாப் பாத்தாங்களே. வேலைக்காரப் புள்ளைய நிறுத்திட்டு நானே துணிய எடுத்துட்டுப் போய்ச் சுகந்திகிட்ட நீட்டுனேன். ரூல் எல்லார்த்துக்கும் ஒண்ணுதான் பாப்பான்னேன். நாலு பேருக்குக் கேக்கற மாதிரித்தான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. என்னைய ஒருக்காப் பாத்தா. துணிய வாங்கிட்டு மண்டி போட்டா."

மேசையைத் துடைத்தாள். நாற்காலிக் கால்களைத் துடைத்தாள். தரையைத் துடைத்தாள். மூலையில் யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர், "சூப்பர் சார்" என்றார். சென்னியப்பனுக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை. அடுத்த அமாவாசைக்கு இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது நினைத்தார். அந்த நினைப்பு இப்போது ஞாபகம் வந்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

"நாயமா நடந்தது தப்புங்களாம்மா?"

தவமணி அம்மா வாயைத் திறப்பதற்குள் பந்தி மணி அடித்துவிட்டது.

பாத யாத்திரைக் கூட்டம். பந்தி நிறைந்துவிட்டது. சென்னியப்பன் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு ரசம் ஊற்றப் போனார். நடு வரிசையில் ஒரு பெண், பக்கத்தில் அவளுடைய சின்ன மகன். நடந்து நடந்து அவள் கால் இரண்டிலும் கொப்புளம். கந்தல் துணியால் கட்டுப் போட்டிருந்தாள். பையன் ரசக் கிண்ணத்தைத் தானே தூக்கிக் குடிக்கப் பார்த்தான். கிண்ணம் கவிழ்ந்து ரசம் பக்கத்து இலைக்குக் கீழே ஓடியது.

பழக்க தோஷம் என்பது பொல்லாதது. சென்னியப்பனின் கால் தானாக நடந்தது. தோளில் இருந்த துணியை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினார். முகத்தில் அந்தக் கடைச் சிரிப்பும் வந்துவிட்டது.

"அய்யோ, மன்னிச்சுக்குங்கய்யா" என்று அவள் பதறி எழப் பார்த்தாள். ஒரு கையெல்லாம் சோறு. கால் ஊன்ற முடியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டியது.

சென்னியப்பன் அப்படியே நின்றுவிட்டார். அன்று சுகந்தி பார்த்த பார்வையில் கோபம் இருந்தது என்றுதான் இத்தனை நாளும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது கோபம் இல்லை என்று இப்போது தெரிந்தது.

தவமணி அம்மா வந்து அவர் கையில் இருந்த துணியை எடுத்துக்கொண்டார்.

"நீ உக்காரு கண்ணு. சாப்புடு" என்று அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். தரையில் மண்டி போட்டு ரசத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பொரியல் இன்னுங் கொஞ்சம் வெக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பையனுக்கு வேறு கிண்ணத்தில் ரசம் வந்தது. பந்தி முன்போல நடந்தது. வெறும் கையோடு நின்ற சென்னியப்பனை யாரும் கவனிக்கவில்லை.

பந்தி முடிந்து, இலைகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, கிணற்றடியில் அம்மா துணியை அலசிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"பெட்டி எதுக்குண்ணா கொண்டு வந்தா?" என்று அம்மா கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார்.

"ஊட்ட உட்டே வந்துட்டாளுங்கம்மா. மாப்பிள கை நீட்டறாராம். ரொம்ப நாளாவே அப்பிடித்தானாம். அவ கூடப் படிச்ச புள்ள ஒண்ணு பொறகு போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்லத்தான் அன்னைக்கு வந்திருக்கா. நாம் பெத்த புள்ள, அவ மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமுங்களா? நான் மேசையத்தான் பாத்தேன்."

"அப்புறம்?"

"துடைச்சு முடிச்சுத் துணிய மடிச்சுக் கூடையில போட்டா. வர்றேன்ப்பான்னா. நம்மூட்டுக்குப் போறாளாக்கும்னு நெனச்சேன். மத்தியானம் போய்ப் பாத்தா ஊட்ல ஆளில்ல. அன்னைக்கு ரயில்லயே திரும்பி அந்த ஊட்டுக்கே போயிட்டா."

"நீங்க போய்ப் பாக்கலியா?"

"விசயம் தெரிஞ்ச அன்னைக்கே போனனுங்க. கதவப் பாதி தொறந்து வெச்சுட்டு வாசல்லயே நின்னு பேசுனா. கன்னத்துல இங்க ஒரு தடம். வா பாப்பா, நம்மூட்டுக்குப் போலாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இது எங்க ஊட்டு விசயம்ப்பா, நானே பாத்துக்கறேன்னுட்டா. சிரிச்சுட்டே சொன்னாம்மா. சிரிச்சுட்டே சொன்னா."

சென்னியப்பன் கிணற்றுத் திட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். தவமணி அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

மனித மனசு விசித்திரமானது. எல்லாம் கைவிட்டுப் போன பிறகும் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பைத் தேடும். சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கேள்விக்கே வந்தார்.

"எல்லாம் என் தலையெழுத்துங்கம்மா. ஆனா நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. புள்ளைங்க சிந்துனதப் பெத்தவங்க துடைக்கணும்னு நான் வெச்ச ரூலு தப்புங்களா?"

"தப்பில்லைண்ணா."

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். பெத்தவங்கதான் துடைக்கணும்."

"அப்ப நான் செஞ்சது சரிதானுங்களேம்மா?"

தவமணி அம்மா கொடியில் கிடந்த துணியை இழுத்து விட்டார். சொல்லவா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அன்னைக்கு உங்க கடையில சுகந்தி மண்டி போட்டுக் கெடந்தாளே, அவளப் பெத்தவரு எங்கண்ணா போயிருந்தாரு?"