விழாத மரம்

கெம்பிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் மேல்பதி என்ற மலையூரில் வேட்டைக்கு அவள்தான் குரு. அவளிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடன் மசணனுக்கோ தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் ஊர்த் தலைவன். கெம்பிக்குத் தாய்மாமன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் உறவுமுறை கிடையாது. குரு, சீடன் மட்டும்தான். திரும்பி வந்து கல்லைத் தொட்டதும் பழையபடி மாமன், மருமகள்.

அன்று காலை இருவரும் கல்லைத் தாண்டினார்கள்.

"கோடாரிய நீ தூக்கிக்கோ," என்றாள் கெம்பி.

"வில்லு பிடிக்கக் கத்துக்கலாம்னு வந்தேன், குருவே. கோடாரி எதுக்கு?"

"இத்தனை வருசமா வாயாலயே வேட்டையாடினவன் நீ. முதல்ல கைக்கு வேலை குடு."

மசணன் சிரித்தான். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒப்பந்தக்காரர் மரம் வெட்ட வந்தபோது வழியை மறித்துக்கொண்டு பேசியவன் அவன்தான். பேச்சு நன்றாக இருந்தது என்று வெட்ட வந்தவர்களே சொன்னார்கள். பிறகு வெட்டினார்கள்.

கீழ்க்காடு போயிற்று. ஊர் நின்ற மேல்காடு மட்டும் மிச்சம். முதல் வருடம் வெட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரர் ஊருக்குக் கம்பளி கொடுத்தார். மறு வருடம் அரிசியும் உப்பும் வந்தன. சொன்னபடி கொடுத்தார், குறைவில்லாமல் கொடுத்தார். நல்லவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கொடுத்ததற்கு முன்னால் எடுத்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. குளிரில் கிடப்பவன் கண்ணுக்குக் கம்பளிதான் முதலில் தெரியும்.

இந்த வருடம் அவரிடமிருந்து வேறு செய்தி வந்திருந்தது. கீழே, வெட்டித் தீர்ந்த நிலத்தில், வீட்டுக்கு ஒரு துண்டு. இன்று மதியம் தமுக்கு அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் மேல்பதி முழுவதும் இறங்கி வர வேண்டும். கிழவன், கிழவி, கைக்குழந்தை, ஒருவரும் தங்கக் கூடாது. ஒரு குடிசையில் ஆள் இருந்தாலும் யாருக்கும் நிலம் இல்லை.

போவதா வேண்டாமா என்பதை மசணன் சொல்ல வேண்டும். ஊர் அதற்காகக் காத்திருந்தது.

இறக்கத்தில் நடந்துகொண்டே கேட்டான். "குருவே, நாம கீழ போயிரலாமா?"

"அது ஊர் விசயம். கல்லுக்கு அந்தப் பக்கம் கேளு."

"இங்க எதைக் கேக்கலாம்?"

"மானைப் பத்திக் கேளு."

மரங்கள் முடிந்து வெளிச்சம் தொடங்கியது. வெட்டிய அந்த இடத்தைக் கூப்பு என்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை அடிமரங்கள். நடுவே, கொண்டுபோக மனமில்லாமல் விட்டுப்போன கிளைக் குவியல்கள். அன்று கூப்பில் ஆள் இல்லை. எல்லாரையும் கீழே பந்தல் போட அழைத்துப் போயிருந்தார்கள்.

மசணன் குனிந்து மண்ணைப் பார்த்தான். எங்கும் குளம்புத் தடம்.

"இதென்ன அதிசயம்! காட்டை அழிச்ச எடத்துல இவ்வளவு மானா? இதுங்க ஓடியில்ல போயிருக்கணும்?"

கெம்பி விளிம்பில் மிச்சம் நின்ற கருமருது மரத்தைக் காட்டினாள். "மேல பாரு. என்ன இருக்கு?"

"எலை."

"மானுக்கு எட்டுமா?"

"எப்படி எட்டும்?"

"மரம் சாஞ்சா?"

மசணன் பக்கத்திலிருந்த குவியலைப் பார்த்தான். ஒரு கிளையிலும் இலை இல்லை. காம்புகள் மட்டும் கடிபட்டு நின்றன.

"அப்போ வெட்டுறவன் மானுக்கு நல்லதுதான் பண்றானா?"

"மானைக் கேட்டா ஆமாம்னுதான் சொல்லும்."

"கோடாரிச் சத்தத்துக்குப் பயப்படாதா?"

"மொதல்ல பயந்துச்சு."

"இப்போ?"

"ரொம்பக் கேக்குற. அந்தக் கருமருதுக்குப் பின்னால போய் நில்லு."

கெம்பி ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தாள். தூசி அவர்கள் பக்கமாகப் பறந்தது. அவள் கிளைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து வில்லை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெட்டு," என்றாள்.

"இந்த மரத்தையா? கூப்புல இது ஒண்ணுதான் மிச்சம்!"

"வெட்டாத. கோடாரியத் திருப்பிப் பிடிச்சுத் தட்டு."

"தட்டினா மரம் விழாதே."

"விழ வேண்டாம்."

மசணன் தட்டினான். சத்தம் கூப்பைத் தாண்டிப் போய் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பியது.

"ஒரே மூச்சுல தட்டுறியே, நீ என்ன மரங்கொத்தியா? நிறுத்தி நிறுத்தித் தட்டு. வெட்டுறவனுக்கு மூச்சு வாங்கும்ல."

அவன் நிறுத்தி நிறுத்தித் தட்டினான். தோள் கடுத்தது. ஏதோ கேட்க வாயைத் திறந்தான். கெம்பி விரலை உயர்த்தினாள்.

நிழல் முடியும் இடத்தில் இரண்டு புள்ளிமான்கள் நின்றன.

முன்னால் நின்றது இளம் ஆண். கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை. பின்னால் ஒரு கிழட்டுப் பெட்டை. அதன் ஒரு காது இரண்டாகக் கிழிந்திருந்தது.

மசணன் தட்டினான்.

ஆண் மான் வெளிச்சத்துக்கு வந்தது. நேராக, சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தது. தின்ன ஒன்றும் இல்லை, ஆனாலும் அதன் வாய் மெல்லத் தொடங்கியிருந்தது.

பெட்டை வரவில்லை. முன்னங்காலால் தரையை ஒரு தரம் உதைத்தது. இரண்டு காதுகளையும் கருமருதின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. மசணன் தட்டத் தட்ட அது நின்றுகொண்டே இருந்தது. பிறகு, அவசரமில்லாமல் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

ஆண் மான் மரத்தடிக்கு வந்து தலையைத் தாழ்த்தி இலையைத் தேடியது. அம்பு விலாவில் இறங்கியது. கொஞ்ச தூரம் ஓடி, ஓர் அடிமரத்தின் மேல் சாய்ந்து விழுந்தது.

மசணன் கோடாரியை வைத்துவிட்டு அதன் பக்கம் போனான்.

"குருவே, அந்தப் பெட்டை ஏன் திரும்பிப் போச்சு? வாடை தட்டுப்பட்டுச்சா?"

"காத்து நம்ம பக்கம்தான் வருது."

"என்னைப் பாத்திருச்சா?"

"பாத்திருந்தா கத்திக் கூப்பாடு போட்டிருக்கும்."

"பின்ன என்னதான் பண்ணிக்கிட்டு நின்னுச்சு?"

"கேட்டுக்கிட்டு நின்னுச்சு."

"எதை? நான்தான் விடாம தட்டினேனே!"

"நீ தட்டினது அதுக்குக் கேட்டுருச்சு." கெம்பி அம்பைப் பிடுங்கிப் புல்லில் துடைத்தாள். "தட்டினா அடுத்து மரம் சாயணும். அந்தச் சத்தம் வரல."

"இந்த ஆணுக்கு அது தெரியாதா?"

"போன தடவை சத்தத்துக்கு வந்துச்சு, எலை இருந்துச்சு. அதுக்கு முன்னால வந்தப்பவும் இருந்துச்சு. இந்தத் தடவை மட்டும் அது எதுக்குச் சந்தேகப்படும்?"

மானின் கால்களைக் கட்டி மூங்கிலில் கோத்து, ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். ஏற்றத்தில் மசணன் இரண்டு முறை நின்று கூப்பைத் திரும்பிப் பார்த்தான்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மேல்பதி மொத்தமும் கிளம்பி நின்றது. பாய்கள் சுருட்டப்பட்டிருந்தன. கோழிகள் கூடைக்குள் இருந்தன. நடக்க முடியாத கிழவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்க நான்கு பேர் தயாராக நின்றார்கள். குடிசைக் கதவுகள் திறந்தே கிடந்தன.

"மானா! நல்ல சகுனம்!" என்று மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் கத்தினான். "தலைவரே, கறியக் கீழ போய்ப் பங்கு போட்டுக்கலாம். புது மண்ணுல மொத அடுப்பு கறி அடுப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே கீழேயிருந்து தமுக்குச் சத்தம் வந்தது.

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்களும் மசணன் மேல்.

அவன் குனிந்து கல்லைத் தொட்டான். கெம்பியும் தொட்டாள்.

"மருமகளே, இப்போ கேக்கலாமா?"

"கேளுங்க மாமா."

"கீழ போயிரலாமா?"

தமுக்கு அடித்தது. நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடித்தது.

"நல்லாக் காதைக் குடுத்துக் கேளுங்க மாமா," என்றாள் கெம்பி. "மரம் சாயுற சத்தம் வருதா?"

மசணன் காதைக் கொடுத்தான். தமுக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு மூங்கிலைத் தோளிலிருந்து தரையில் இறக்கி வைத்தான்.