பெயர் வைக்காமல் விட்ட ஊர்

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. இன்றைக்கு எறும்பைப் பார்க்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. அதன் வேர்கள் மூன்று சீமைகளுக்குள் ஓடின. ஒரு பக்கம் மணல் சீமை, இன்னொரு பக்கம் கரிசல் சீமை, மேட்டுப் பக்கம் செம்மண் சீமை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எறும்பு ராணி, மரத்தடியில் ஒரு புற்று. புற்றுகள் மூன்றும் வளர்ந்து வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கட்டிய எறும்புகளுக்கே தெரியாமல் போய்விட்டது.

அங்கே கடுகி என்று ஒருத்தி இருந்தாள். முட்டைகளையும் குஞ்சுகளையும் பார்த்துக்கொள்கிற செவிலி எறும்பு. அவள் படுக்கை செம்மண்ணில், சாப்பாடு கரிசலின் கம்புக் களஞ்சியத்தில். வேலையோ மணல் சீமையில். முட்டைக்குக் கதகதப்பு வேண்டும், மணல்தான் சூடு தாங்கும் என்பதால் மூன்று சீமை முட்டைகளும் அங்கேதான் பொரிந்தன. கடுகிக்கு இந்த அலைச்சல் பிடித்துத்தான் இருந்தது. போகிற வழியெல்லாம் தெரிந்த முகம், நின்றால் ஒரு பேச்சு. வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் வழிப்போக்கன் வெட்டுக்கிளி ஒன்று வந்து, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டுத் தொலைத்தது.

"செம்மணூர்" என்றது ஓர் எறும்பு. "யாரு சொன்னா? கரிசலூர்" என்றது இன்னொன்று. "சோறு அங்கன தின்னாலும் பிறந்தது மணலூர்லதான?" என்று மூன்றாவது முட்டிக்கொண்டு வந்தது. வெட்டுக்கிளி நைசாக நழுவிவிட்டது. சண்டை மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

ராணிகள் கூடிப் பேசினார்கள். ஒருத்தி ஊர்ப் பெயரை மற்றவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நியாயம் சொல்ல ஓணானைக் கூப்பிட்டார்கள். ஓணான் செம்மண் ராணி சொன்னதற்கும் தலையாட்டியது, கரிசல் ராணி சொன்னதற்கும் தலையாட்டியது, மணல் ராணி வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெயர் சொன்னது.

"செம்மணூர் மகாராணிக்கும் கரிசலூர் மகாராணிக்கும் மணலூர் மகாராணிக்கும் சரிசமமாய் உரிய வேப்பமரத்தடிச் சுற்றுவட்டாரப் பெருநகரம்."

அந்தந்த வாசலில் அந்தந்த ராணியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும், பெயரை முழுசாகச் சொல்லாத எறும்பு அசலூர் எறும்பு, உள்ளே விடக் கூடாது என்றும் சட்டமானது. மூன்று ராணிகளுக்கும் பரம திருப்தி.

அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எறும்புக்கு வாய்தான் கை. கம்பைக் கவ்வி வருகிற எறும்பு அதைக் கீழே வைத்து, பெயரை ஒப்பித்து, மறுபடி கவ்விக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாசலுக்கு வாசல் வரிசை நீண்டது. செம்மண் வாசல் காவல்காரன் கொடுக்கன் அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட விடமாட்டான்.

"கொடுக்கன் அண்ணாச்சி, கால் கடுக்குது. நேத்துப் பார்த்த கடுகிதான நான்?"

"நேத்துப் பார்த்தது நேத்தோட போச்சு. பேரைச் சொல்லு தாயி."

கடுகி பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்லுவாள்.

அப்போதுதான் கோடை மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. மணல் சீமையின் முட்டை அறைகளில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. மேட்டில் இருக்கிற செம்மண் அறைக்குக் கொண்டுபோனால்தான் முட்டைகள் பிழைக்கும். செவிலிகள் ஆளுக்கு ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள். ஓடி என்ன, வாசலில் கொடுக்கன் நின்றான்.

முன்னால் போனவள் சட்டத்துக்குப் பயந்து முட்டையைக் கீழே வைத்தாள். "செம்மணூர் மகாராணிக்கும் கரிசலூர்..." என்பதற்குள் தண்ணீர் முட்டையை உருட்டிக்கொண்டு போனது. அவள் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். நல்லகாலம், வேரிடுக்கில் சிக்கியதைப் பிடித்துவிட்டாள்.

அடுத்து கடுகி. பெயர் சொல்ல வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடும். சொல்லாமல் நுழைந்தால் கொடுக்கன் கடித்துத் துண்டாக்குவான். பின்னால் வரிசை முழுக்கப் பிள்ளைகள், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது.

"பேரு?" என்றான் கொடுக்கன்.

கடுகி முட்டையை இன்னும் இறுகக் கவ்விக்கொண்டாள். நேரே அவன் முன்னால் போய், நெற்றி மீசை இரண்டையும் நீட்டி, அவன் முகத்தில் வைத்தாள்.

அப்படி அதற்கு முன் எந்த எறும்பும் செய்ததில்லை. கொடுக்கன் கடிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் மீசையில் செம்மண் புழுதி மணந்தது, அவன் படுத்து எழுகிற மண். கரிசல் கம்பு மணந்தது, காலையில் அவன் தின்ற கம்பு. அவற்றுக்கும் அடியில் முட்டை அறையின் ஈர மணல் வாசம். அது அவனுக்கு எல்லாவற்றையும்விட முன்னால் தெரிந்த வாசம். கண் திறக்காத குஞ்சாக அவன் கிடந்தபோது ஊட்டிவிட்ட வாய் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான் இருந்தது.

"நம்ம வீட்டு ஆளு" என்றான். "போ தாயி, உள்ள போ. எல்லாரும் வாங்க. பேரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

செவிலிகள் ஒவ்வொருவராக அவன் முகத்தில் மீசை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். முட்டை ஒன்றுகூடச் சாகவில்லை.

மழை விட்டதும் ராணிகள் கோபமாக வந்தார்கள். "சட்டத்தை மீறின செவிலி யாரு?" என்று செம்மண் ராணி அதட்டினாள். கடுகி செம்மண் அறைக்குள் மீசையை நீட்டிக் காட்டினாள். அங்கே மூன்று சீமை முட்டைகளும் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"தப்புதான் தாயே. இதுல உங்க பிள்ளை எதுன்னு பார்த்து எடுத்துக்கிட்டு, இந்த ஊருக்கு உங்க பேரையே வச்சிக்கிடுங்க" என்றாள்.

மூன்று ராணிகளும் குனிந்து பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். யார் பிள்ளை எது என்று யாருக்கும் தெரியவில்லை. மணல் ராணிதான் முதலில் சிரித்தாள். மற்ற இருவருக்கும் அது தொற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு ஊர்ப் பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மேலே கிளையில் ஓணான் அதற்கும் தலையாட்டியது.

அந்த ஊருக்கு இன்றைக்கும் பெயர் கிடையாது. அன்று முதல்தான் எதிரெதிரே வருகிற எறும்புகள், தலை போகிற அவசரமானாலும், எந்த ஊர் என்று வாய் திறந்து கேட்காமல் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.